எடிட்டருக்கு வாய் தேவையில்லை

கலியாண வீடியோவில் ஆட்கள் பேசுவது ஏன் கேட்பதில்லை என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? என்னைப் போன்றவர்கள் அழித்துவிடுவதால்தான். கிளிநொச்சியில், கண்டி வீதியோரம் இருந்த ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் நான்கு வருடம் எனக்கு அதுதான் வேலை. கமராவின் மைக் எல்லாவற்றையும் பிடித்துவிடும். தாலி ஏறுகிற நேரம் பார்த்து, "பொம்பிளை கொஞ்சம் கட்டை என்ன?" என்று ஒரு குரல். "உந்தப் பலகாரம் எங்க செய்விச்சவை, பல்லு உடையுது" என்று இன்னொன்று. ஹெட்போனில் கேட்டுத் தனியாகச் சிரித்துவிட்டு, பேச்சு முழுவதையும் அழித்து மேலே ஒரு நாதஸ்வரத்தைப் போட்டுவிடுவேன்.

எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. எடிட்டர் வாய் திறக்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் பேசுவது ஒரு மாதிரி, வெளியில் கதைப்பது ஒரு மாதிரி. அம்மாவும் அப்பாவும் கலவரங்களுக்குப் பிறகு மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். நான் பிறந்தது, படித்தது, செருப்பு தேய நடந்தது எல்லாம் வன்னியில்தான். ஆனால் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடம் போன முதல் கிழமை, நான் ரீச்சரிடம் சொன்ன ஒரு வசனத்தைப் பின்வாங்கில் இருந்தவள் இழுத்து இழுத்துத் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். வகுப்பே சிரித்தது. அடுத்த கிழமை நான் மாறிவிட்டேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடப் படலைக்கு வெளியே ஒருத்தி, உள்ளே ஒருத்தி. ஸ்டூடியோவில் என்னை எல்லாரும் பரம்பரையாகப் பரந்தன் பக்கத்துப் பிள்ளை என்று நினைத்தார்கள். நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஸ்டூடியோவுக்கு ஒரு நாள் நெடுங்கேணிப் பக்கம் நாடகம் படிப்பிக்கிற ஒரு சேர் வந்தார். குறும்படம் எடுக்கப் போகிறாராம், எடிட்டர் வேண்டுமாம். நான் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தேன். அவரிடம் கதை இருந்தது, கமரா இருந்தது. பொலிசுக்குக் கடிதம் எழுத, வாய்க்காலில் எந்த நாள் தண்ணீர் திறப்பார்கள் என்று விசாரிக்க, இருபது பேருக்குச் சோற்றுப் பார்சல் சொல்ல ஆளில்லை. ஒவ்வொன்றாக என் தலையில் ஏற்றிக்கொண்டேன். மூன்றாம் கிழமை யாரோ ஒருவரிடம் என்னைக் காட்டி, "இவாதான் எங்கட தயாரிப்பாளர்" என்றார் சேர். அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை. தயாரிப்பாளர்! அந்த வேலை முழுக்க முழுக்க வாயால் செய்வது என்பது அப்போது உறைக்கவில்லை.

காசு போட்டவர் உருத்திரபுரத்தில் பிறந்து கனடாவில் இருப்பவர். நாங்கள் அண்ணை என்போம். வன்னி வாழ்க்கையைத் திரையில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல மனிதர்தான், இப்போதும் சொல்வேன்.

கதை இதுதான்: வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. வயல்காரி வாய்க்கால் வழியே மேலே நடக்கிறாள், மறித்து வைத்திருக்கிற ஒவ்வொருவரோடும் சண்டை பிடிக்கிறாள். இருபத்தைந்து நிமிடமும் அவள் வாய்தான் படம்.

வயல்காரியாக நடிக்க ஒப்புக்கொண்டவர் முதல் நாளே வரவில்லை. பின்னணியில் நிற்கக் கூப்பிட்டிருந்த ஆறு பெண்களைச் சேறும் சகதியுமான வாய்க்காலில் நிறுத்திவிட்டு, சேர் லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலம் போனது. நடுவிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"சார், நாங்க என்னா கொக்கா? ஒத்தக் கால்ல நின்னு மீன் புடிக்கவா வரச் சொன்னீங்க?"

எல்லாரும் சிரித்தோம். சேர் சிரிக்கவில்லை. கமராவை அவள் பக்கம் திருப்பினார். "பிள்ளை, உதைத் திருப்பிச் சொல்லும்."

அன்றிலிருந்து அவள்தான் வயல்காரி. ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவள். லீவு போட்டு வந்திருந்தாள். அவள் திட்டினால் எதிரில் நிற்கிற நடிகர் உண்மையாகவே ஒரு அடி பின்னால் போவார். கெஞ்சினால் மைக் பிடிக்கிறவன் மூக்கை உறிஞ்சுவான். ஹெட்போனில் அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோசமாகவும் பயமாகவும் இருந்தது. அது எங்கள் வீட்டுக் குசினியில் கேட்கிற பேச்சு.

வெட்டி ஒட்டி அனுப்பினேன். இரண்டாம் நாள் அண்ணை அழைத்தார்.

"பிள்ளை, படம் அந்த மாதிரி. வயலைப் பாக்க எனக்கு அழுகை வந்திட்டுது. ஆனா அந்தப் பெட்டையின்ர கதைதான்..."

"என்ன அண்ணை?"

"வன்னிப் பொம்பிளை உப்பிடிக் கதைப்பாளோ? தோட்டத்துக் கதையெல்லோ கதைக்கிறாள்."

"அவள் இஞ்ச பிறந்து வளந்தவள் அண்ணை."

"அது இருக்கட்டும். இஞ்ச கனடாத் தியேட்டரில சனம் சிரிக்கும். முகம் நல்ல முகம், அதை விடுவம். குரலை மட்டும் மாத்தும். நீரும் எங்கட பிள்ளைதானே, உமக்கு விளங்காதோ?"

அந்த இடத்தில் ஒரு தயாரிப்பாளர் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது பத்து விதமாகத் தெரியும். அப்போது சொன்னது ஒரே ஒரு சொல். "ஓம்."

அண்ணை கைவிட்டால் கனடாவில் திரையிடல் இல்லை, அடுத்த படமும் இல்லை. சேர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "அவளையே மாத்திக் கதைக்கச் சொல்லுமன். இல்லாட்டி வேற ஆளைப் பிடியும். நீர்தானே தயாரிப்பாளர்" என்றார். அவளிடமே கேட்க எனக்குத் துணிவில்லை. மேடை அறிவிப்புச் செய்கிற ஒரு பிள்ளையை வவுனியாவிலிருந்து கூப்பிட்டேன். பின்னறை யன்னலை மெத்தைகளால் அடைத்து, காற்றாடியை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க இரண்டு நாள். உதட்டுக்குச் சொல் பொருந்தாத இடத்தில் முகத்தை விட்டு வாய்க்காலைக் காட்டினேன். மூச்சை மட்டும் பழையவளிடமிருந்து எடுத்துப் புதியவளின் சொல்லோடு ஒட்டினேன். என் வாழ்நாளில் நான் செய்த மிக நல்ல எடிட்டிங் அதுதான். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் என்னை என்னவோ செய்தது.

கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் முதல் காட்சி என்று முடிவானது. கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிற அண்ணையும் பார்ப்பார். நடித்தவளுக்குச் சொல்லாமல் கொண்டுபோய் இருத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் அவள் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஃபோனை வாங்கிப் பார்த்தாள். கடைசி வரை பார்த்தாள்.

"நல்லா இருக்குக்கா. யாரு பேசுனது?"

சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன், இயன்றவரை அண்ணை மேல் பழியைப் போட்டு.

"சரி. எங்கம்மா பாக்க வருது. படத்துல நான்தான் பேசுறேன்னு லயன் முழுக்கச் சொல்லி வச்சிருக்கு. அதுக்கு என்னா சொல்றது?"

அவர்களுடைய குடியிருப்பை அவள் இன்னும், தோட்டத்து வரிசை வீடுகளைச் சொல்வதுபோல, லயன் என்றுதான் சொல்வாள். ஃபோனைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

"ஒங்கம்மாவக் கூட்டியாருவீங்களாக்கா?"

"ஏன் கேக்கிறீர்?"

"அவங்களும் எங்கம்மாவும் ஒண்ணாக் களை புடுங்கப் போனவங்க. மொத நாளே எனக்குத் தெரியும், நீங்க யாருன்னு. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

அதில் குத்தல் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வாளித் தண்ணீரை அள்ளி உடுப்பில் ஊற்றினாள். நான் வந்த வழியே திரும்பினேன்.

அம்மாவைக் கூட்டிப் போகும் எண்ணமே எனக்கு இருந்ததில்லை. அம்மா கேட்கவும் இல்லை. அன்று பின்னேரம் ஸ்டூடியோவைத் திறந்து பழைய குரலை எடுத்துத் திரும்ப வைத்தேன். இரண்டு நாள் வேலையைக் கழற்ற இருபது நிமிடம் போதுமாக இருந்தது. அண்ணைக்கு அறிவிக்கவில்லை. தைரியமான காரியத்தைக் கோழைத்தனமாகச் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய், "சனிக்கெழம படம் போடுறாங்க, நீயும் வா" என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே அலுமாரியைத் திறந்து சேலை தேடத் தொடங்கினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. அவள் தண்ணீரை மறித்தவனைப் பார்த்து, "ஒன் வயலு மட்டும்தான் வயலா, என்னுது என்னா சீமெந்துத் தரையா?" என்று கேட்டபோது கை தட்டினார்கள். எனக்குப் பின்னால் ஒருவர் "தோட்டத்துப் பெட்டை போல" என்றார், பிறகு அவரும் பேசாமல் பார்த்தார். அண்ணை முன் வரிசையில் ஆடாமல் அசையாமல் இருந்தார்.

முடிந்ததும் வாசலில் என்னைப் பிடித்தார்.

"ஏன் பிள்ளை, நான் சொன்னது உமக்கு விளங்கேல்லையோ?"

"விளங்கினது அண்ணை."

"பிறகு?"

வழி முழுக்கத் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு இருந்தது. வாயைத் திறக்குமுன் அம்மா வந்துவிட்டார், நடித்தவளின் கையைப் பிடித்தபடி. காசு போட்டவர் இவர்தான் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அம்மா நேரே அவரிடம் போனார்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா? எங்க புள்ளைக்கு ரொம்ப ஒத்தாசை பண்ணியிருக்கீங்க. வீட்டுக்கு வாங்கய்யா, ஒரு வாய் சாப்பிட்டுப் போவீங்களாம்."

அண்ணை அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை.

"இவா ஆர்?"

"என்ர அம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அம்மா உங்களை வீட்டை வரட்டாம் அண்ணை. சாப்பிட்டிட்டுப் போகலாமாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவின் பேச்சையும் மாற்றிவிட்டேன் என்பது தெரிந்தது. பக்கத்தில் நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, அம்மா சொன்னது அவருக்குப் புரியலியா?"

அண்ணைதான் முகம் சிவந்து, "இல்லை இல்லை, விளங்கினது, விளங்கினது. இன்னொரு நாளைக்கு வாறன் அம்மா" என்று சொல்லிக்கொண்டே வான் பக்கம் நடந்தார். அடுத்த படத்தைப் பற்றி அவர் இன்றுவரை எதுவும் கதைக்கவில்லை. கனடாவில் திரையிடவும் இல்லை.

அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். சேலையைக் காலுக்குள் ஒடுக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி வந்தார். குளத்துக் கட்டோரம் போகும்போது கேட்டார்.

"நான் அவருகிட்டப் பேசுனது தப்பாப் போச்சா புள்ள?"

ஹெல்மெட்டுக்குள் எனக்கு நன்றாகக் கேட்டது. காற்று இரைச்சலில் கேட்காதவள் போல ஓட்டிக்கொண்டே போனேன்.