வேன் வந்த பிறகு

சென்னையிலிருந்து ஒருவர் எங்கள் மெட்டல் இசைக்குழுவைப் பற்றி எழுத வந்தார். சிவகாசிப் பக்கம் என்றதும் அவருக்கு ஒரே உற்சாகம். வெடியைப் பற்றிப் பாடுங்கள், டிரம்ஸ் விபத்து மாதிரி இடிக்க வேண்டும் என்றார். விபத்து மாதிரி! எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, நாங்கள் பதிவு செய்த முதல் பாட்டைப் போட்டுக் காட்டினேன்.

நாங்கள் மூன்று பேர். கித்தார்க்காரனும் நானும் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறோம். டிரம்மர் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். த்ராஷ் மெட்டலின் வேகமும் டெத் மெட்டலின் அடிவயிற்று உறுமலும் கலந்தது எங்கள் பாட்டு. உறுமுவது நான். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை.

ஆமத்தூரில் டிரம்மர் வீட்டுத் தெருவில் ஒரு காலி ஷெட் கிடைத்தது. முன்பு காலண்டர் பேப்பர் அடுக்கிவைத்த இடம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினோம். சத்தம் வெளியே போகாது என்று நம்பினோம். முட்டாள்கள்.

காலண்டர் சீசன் முடிந்து அச்சகத்தில் வேலை குறைந்திருந்ததால் முதல் நாள் பகலிலேயே தொடங்கினோம். டிரம்மர் இரண்டு காலாலும் பெரிய டிரம்மின் பெடலை மிதித்தான். பாட்டு பாதி போகும்போது கித்தார்க்காரன் எதேச்சையாகக் கதவைத் திறந்தான். தெருவில் பெண்கள் நின்றார்கள். எங்களைப் பார்க்கவே இல்லை. கூரைகளுக்கு மேலே புகை தெரிகிறதா என்று நாலு திசையிலும் தேடிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் இடி மாதிரி கேட்டால் எங்கள் பக்கம் முதலில் செய்வது அதுதான். போன் போட்டுக் கேட்கவும் முடியாது. பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது.

எதிர்வீட்டு அக்கா செருப்பில்லாமல் நின்றார். அவர் வீட்டுக்காரரும் டிரம்மரின் அம்மாவும் ஒரே பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறவர்கள். சத்தம் எங்களுடையது என்று தெரிந்ததும் ஷெட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்:

"ஏலே, என்னத்தையும் அடிங்க. வேன் வந்த பெறகு அடிங்க. அம்புட்டுதான்."

பிறகு, பேய் பிடித்த மாதிரிக் கத்தியவன் எவன் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

"வெந்நி குடிலே. தொண்டை கிளிஞ்சுபோகும்."

அன்றிலிருந்து அதுதான் எங்களுக்குச் சட்டம். சாயங்காலம் வேன் ஹாரன் கேட்கும். எல்லாரும் இறங்கி வீட்டுக்குள் போவார்கள். அதன் பிறகு தரை அதிர அடித்தாலும் ஒருவரும் வானத்தைப் பார்ப்பதில்லை. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே, நேற்றைய வேகம் இன்றைக்கு இல்லையே என்று டிரம்மரைக் கிண்டல் செய்வார்.

முதல் பாட்டைப் பதிவு செய்ய, விருதுநகரில் மைக்செட் வைத்திருப்பவரிடம் நல்ல மைக்குகளைக் கெஞ்சி வாங்கிவந்தோம். மறுநாள் விடிந்ததும் காரியாபட்டியில் ஒரு கல்யாணத்துக்கு அவை போயாக வேண்டும். அந்த ஒரு சாயங்காலம்தான் எங்களுக்கு.

வேன் வரவில்லை.

இருட்டத் தொடங்கியது. ஒரே ஒரு தடவை வாசித்து எடுத்துவிடலாமா என்று கித்தார்க்காரன் மெதுவாகக் கேட்டான். டிரம்மர் குச்சிகளை டிரம்மின் மேல் வைத்தால்கூடச் சத்தம் வரும் என்பதுபோல மடியில் வைத்துக்கொண்டான். அப்புறம் எழுந்து வெளியே போனான். நாங்களும் போனோம். தெருவே நின்றுகொண்டிருந்தது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஆனாலும் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. மைக் ஞாபகமே எனக்குப் போய்விட்டது.

ஹாரன் கேட்டது. டயர் பஞ்சராம். ஸ்டெப்னியிலும் காற்று இல்லையாம். டிரம்மரின் அம்மா கையெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க இறங்கினார்.

"ஏன் எளவு வீட்டு வாசல் மாதிரி நிக்கீக?"

டிரம்மர் அம்மாவைத் தாண்டி முன்னால் போனான். ஸ்டெப்னியைப் பார்க்காமல் வண்டி எடுத்ததற்காக வேன் டிரைவரைக் கண்டபடி திட்டினான். நானும் சேர்ந்து திட்டினேன். அப்படி நிம்மதியாக நான் யாரையும் திட்டியதில்லை.

ஷெட்டுக்குத் திரும்பி உட்கார்ந்தோம். கித்தார்க்காரன் பதிவைத் தொடங்கினான். அந்த நேரம் அக்கா கதவில் தலையை நீட்டினார்.

"எல்லாரும் வந்தாச்சு. இனி அடிங்கலே."

டிரம்மர் தாளம்கூட எண்ணவில்லை. அடித்தான். முதல் தடவையிலேயே பாட்டு சரியாக விழுந்தது.

சென்னைக்காரர் முழுப் பாட்டையும் கேட்டார். பிரமாதம் என்றார். ஆரம்பத்தில் ‘இனி அடிங்கலே’ என்று வரும் அந்தப் பெண் குரலை மட்டும் வெட்டிவிடுங்கள், பாட்டுக்கு ஒட்டவில்லை என்றார்.

முடியாது என்றேன். அக்கா சொல்லாமல் நாங்கள் எப்படித் தொடங்குவது?