உடையார்பாளையத்து ரெண்டு கலியபெருமாள்

இன்னிக்குக் காலையில தோசை ஊத்திக்கிட்டு இருக்கும்போது போன்ல ஒரு மெசேஜ். "உங்கள் விவரங்கள் சரியாக உள்ளனவா? ஆம் எனில் 1 அழுத்தவும்." அழுத்தல. ஒரு தடவை அழுத்தினதே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

அரியலூர்ல சுண்ணாம்புக்கல் ஏத்துற லாரிங்களுக்கு ஒரு புக்கிங் ஆபீஸ். அங்க ஒம்பது வருசம் குப்பை கொட்டினேன். குவாரியில லோடு இருந்தா லாரிக்காரங்களுக்குப் போன் போட்டுச் சொல்லணும், அதான் வேலை. நம்பரெல்லாம் ஒரு நீள நோட்டுல இருக்கும். டீசலும் கல்தூசியும் கலந்து வாடை அடிக்கும். பெட்ரோல் பங்க் பக்கம் போனா இப்பவும் அந்த நோட்டு ஞாபகம்தான்.

எங்க பக்கம் கல்லங்குறிச்சிக் கலியபெருமாள் சாமிக்கு வேண்டிக்கிட்டுப் பெத்த புள்ளைங்க ஏராளம். கலியபெருமாள்னு கூப்பிட்டா பாதி பஸ் திரும்பிப் பார்க்கும். நோட்டுல உடையார்பாளையத்துக் கலியபெருமாளே ரெண்டு பேரு, ரெண்டு பேரோட அப்பா பேரும் கோவிந்தசாமி. ஒருத்தருக்கு நேரா 'மீசை'ன்னு எழுதியிருந்தேன், இன்னொருத்தருக்கு 'கோவக்காரர்'னு. கோவக்காரருக்கு ஒத்த லாரிதான். அதை வச்சுத்தான் அவர் வூட்ல அடுப்பு எரிஞ்சுது. லோடு தாமதம்னு ஒருநாள் என்னைய ஆபீஸ்ல நிக்கவச்சுக் கிழிச்சுட்டாரு.

அதுக்கு மறுவாரம் முதலாளி சாப்ட்வேர் வாங்கினாரு. பட்டியலைத் தானே சுத்தம் பண்ணுமாம், லோடு மெசேஜையும் தானே அனுப்புமாம். ஒரே பேரு, ஒரே இனிஷியல், ஒரே ஊரு இருந்தா, "இருவரும் ஒருவரே, இணைக்கவா?"ன்னு கேக்கும். கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. பார்க்காமலே எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே அழுத்து. மீசைக்காரர் நம்பர் நின்னுச்சு. கோவக்காரர் நம்பர் அழிஞ்சுபோச்சு. அப்ப எனக்குத் தெரியவே தெரியாது.

மறு வருசம் கோவக்காரரைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். லோடே வராம லாரியை வித்துட்டு, கல்யாண மண்டபத்துல வாட்ச்மேனா இருக்காராம்.

"ஆபீஸுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லண்ணே?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வரது பாப்பா? உன்னைய அவ்வளவு பேசிட்டேன். அந்தக் கோவத்துல நீ என் நம்பரை எடுத்துட்டேன்னு நெனச்சேன்."

"நான் இல்லண்ணே. கம்ப்யூட்டர் பண்ணின வேலை."

அழுத்தினது நான்தான்னு அப்பதான் உறைச்சுது, இருந்தும் வாய் கூசாம சொன்னேன். எனக்கே என்னைப் பிடிக்கல.

"அப்ப உனக்கு என்மேல கோவம் இல்ல"ன்னு சொல்லிச் சிரிச்சாரு.

நோட்டை எடைக்குப் போட்டாச்சு. பட்டியல் சுத்தமா இருக்கு, உடையார்பாளையத்துக்கு ஒரே ஒரு கலியபெருமாள். கோவக்காரர்னு நான் எழுதி வச்ச மனுசன், அன்னிக்கு என்மேல கோவமே படல.