என் பெயரில் ஐந்தாவது இலக்கம்

மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற வேலையில் நான் சேர்ந்து இருபது வருடம். ஓடுபாதைப் பக்கம் போய்வர ஒரு பாஸ் வேண்டும். அதில் இருக்கிற படத்தைப் பார்த்தால் நானே என்னை உள்ளே விடமாட்டேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பார்கள். மூன்று தடவை ஒரு சத்தமும் இல்லாமல் புதுப்பித்தார்கள். இந்தத் தடவை அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது: சில விடயங்களைத் தெளிவுபடுத்த நேரில் வரவும். அடுப்படியில் நின்றபடியே அதை நாலுதரம் வாசித்தேன். சில விடயங்கள் என்பதில்தான் கண் திரும்பத் திரும்பப் போய் நின்றது. இன்ன விடயம் என்று சொல்லியிருந்தால் பதிலை யோசித்துக்கொண்டாவது போயிருப்பேன்.

போன இடத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். நல்ல மரியாதை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டு மரியாதை செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம் கூடும். திருகோணமலையில் ஆமி விசாரித்தபோதும் முதலில் கதிரைதான் தந்தார்கள். அந்தப் பெண் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். தலைப்பில் ஒரு தொலைபேசி இலக்கம்.

"இது உங்களுடையதா?"

"என் பெயரில்தான் இருக்கிறது."

"இதிலிருந்து இலங்கையில் மூன்று இலக்கங்களுக்கு அடிக்கடி கதைத்திருக்கிறீர்கள். அவர்கள் யார்?"

கீழே நாள், மணி, நிமிடம், செக்கன் எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த மூன்று இலக்கங்களும் எனக்குத் தெரியாதவை. கதைத்தது நான் இல்லை. யார் கதைத்தது என்பது மட்டும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. வேண்டாம் என்று சொன்ன தண்ணீரை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். எழுத்தில் விளக்கம் கொண்டுவர இரண்டு கிழமை தந்தார்கள். அதுவரை ஓடுபாதைப் பக்கம் போகமுடியாது. சமையற்கூடத்தின் ஒரு மூலையில் முள்ளுக்கரண்டிகளைக் கடதாசித் துவாயில் சுற்றுகிற வேலையில் விட்டார்கள்.

அந்த இலக்கம் எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கிற மன்னார்ப் பெண்ணுடையது. அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு விசாரணைக்குக் காத்திருக்கிறாள். வந்த புதிதில் அவளிடம் வங்கிக் கணக்கும் இல்லை, தொலைபேசிக் கொம்பனி கேட்கிற தாள் எதுவும் இல்லை. எங்கள் வீட்டுத் தொலைபேசிகள் நாலும் ஒரே பிளானில் என் பெயரில் இருந்தன. அவளுக்கென்று ஐந்தாவதையும் அதிலேயே எடுத்துக்கொடுத்தேன். நான் ஏதோ பெரிய உபகாரம் செய்ததாக நினைக்கவேண்டாம். இந்த ஊருக்கு வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேரின் முதல் தொலைபேசி இன்னொருவர் பெயரில்தான் இருந்திருக்கும். என்னுடையது ஒரு மட்டக்களப்பு அண்ணையின் பெயரில் இருந்தது. அவரை நான் இரண்டே தரம்தான் கண்டிருக்கிறேன்.

அவள் காலையில் எட்டு மணிக்குத் தாயுடன் கதைப்பாள். அங்கே அப்போது பொழுதுபடுகிற நேரம். அவளுடைய தமையன் யுத்தத்தில் காணாமற் போனவன். தாய் அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதே கதியில் உள்ள மற்றத் தாய்மாரோடு தெருவோரப் போராட்டக் கொட்டிலில் போய் இருப்பார். அவரிடம் தொலைபேசி இல்லாத நாட்களில் பக்கத்தில் இருக்கிற தாய்மாரின் இலக்கங்களுக்கு எடுப்பாள். அந்தக் கொட்டிலை அங்கே ஆமியும் புலனாய்வும் கண்காணிப்பது உலகத்துக்கே தெரியும். அந்தக் கண் மொன்றியலில் எங்கள் கீழ்வீடு வரைக்கும் எட்டும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

"இஞ்சரும், உள்ளதைச் சொல்லிப்போட்டு வாரும்," என்றார் என் கணவர். "போன் உம்மட பேரில, கதைச்சது அவ. முடிஞ்சுது."

"அவளின்ர அகதி விசாரணை என்னாகும்?"

"அவ தாயோடதானே கதைச்சவ. பிழையொண்டும் இல்லையே."

"பிழையில்லாததை ஏன் செக்கன் செக்கனாய் எண்ணி வச்சிருக்கினம்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்கள் வீட்டில் நிரந்தர வேலை என்னுடையது ஒன்றுதான், அந்தப் பயம் அவருக்கு. எனக்கும்தான். நான் அவரோடு வாதாடியது அவரை வெல்வதற்காக அல்ல, என்னையே மடக்குவதற்காக.

புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதியில் இருக்கிற தொலைபேசிக் கொம்பனியின் கடைக்குப் போனேன். "என்னுடைய அழைப்பு விபரங்களை நீங்கள் அரசாங்கத்துக்குக் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன். அங்கே நின்ற பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறாவது இலக்கம் அரைவிலைக்குக் கிடைக்கும் என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலைமை அலுவலகத்துக்கு எடுத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். பிறகு ஒரு குரல், கொடுத்ததாகவும் சொல்லமுடியாது, கொடுக்கவில்லை என்றும் சொல்லமுடியாது என்றது. நான் கோபத்தில் ஏதோ சொன்னேன். அது பயிற்சிக்காகப் பதிவாகியிருக்கும்.

சட்ட உதவி நிலையத்தில் ஒரு தமிழ்ப் பெண் வழக்கறிஞர் இருந்தார். என் கதையை முழுவதும் கேட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

"அன்ரி, நீதிமன்றக் கட்டளை இருந்ததோ இல்லையோ எங்களுக்குத் தெரியாது. கொம்பனிதான் சொல்லவேணும். வழக்கெண்டு போனால், என்ன குடுத்தனீங்கள், ஆர் கேட்டவை எண்டு அவை வாய்திறக்க வேண்டிவரும். ஆனா இப்ப ஒட்டாவா பாராளுமன்றத்தில ஒரு சட்டமூலம் வந்திருக்கு. அரசாங்கம் கேட்டு, கொம்பனி தன்ர விருப்பத்தில குடுத்தால், அதுக்காக ஒருத்தரும் கொம்பனிக்கு எதிராய் வழக்குப் போடேலாது எண்டு அதில ஒரு பிரிவு."

"குடுத்தவைக்கு மன்னிப்போ?"

"மன்னிப்பெண்டால் பிழை செய்ததாய் ஒத்துக்கொள்ளவேணுமே. இது கேள்வியே கேக்கேலாமல் செய்யிறது."

அந்தப் பிரிவை எதிர்த்துக் கடிதங்கள் சேர்க்கிறார்களாம். தமக்கு நடந்ததைப் பெயர், விலாசத்தோடு சொல்ல ஆட்கள் வேண்டுமாம். அவர் ஒரு படிவத்தைத் தந்தார். அதில் மூன்றாவது கோடு, தொலைபேசி இலக்கம். யோசித்துவிட்டு வருகிறேன் என்று மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மெற்றோவில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் கைத்தொலைபேசியை எடுத்தபோது, கைப்பையை மற்றப் பக்கம் மாற்றினேன்.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்த மனிதர் ஒருவர் உண்டு. திருகோணமலையில் எங்கள் சந்தியில் தொலைபேசிக் கடை வைத்திருந்தவர். வெளிநாட்டுக்குக் கதைக்க வருகிறவர்களின் பெயரையும் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுவார். ஒருநாள் ஆமி வந்து கேட்டது, கொப்பியைக் கொடுத்துவிட்டார். அதிலிருந்த நாலுபேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டுபேர் திரும்பி வந்தார்கள். அவருக்கு முன்னால் துவக்கோடு ஆமி நின்றது, அவர் என்ன செய்வார்? அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், வராத ஒருவரின் மனைவி கடைக்குள் போய், "ஏன் அண்ணை குடுத்தனீங்கள்?" என்று கேட்டார். தான் கொடுக்கவில்லை என்று கடைக்காரர் சொல்லவில்லை. கல்லாவுக்குப் பின்னால் எழுந்துநின்று, எந்தப் பக்கத்தைக் காட்டினேன், என்ன கேட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நான் அப்போது அங்கே முத்திரை வாங்க நின்றேன். சொல்லி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.

மொன்றியலில் இந்தக் கொம்பனிக்கு முன்னால் எந்தத் துவக்கும் நிற்கவில்லை. மாதம் தவறாமல் என்னிடம் காசு வாங்குகிறது, நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புகிறது. கொடுத்ததற்குப் பதில் சொல்லாமலிருக்க அதற்கு ஒரு சட்டம் வேண்டிக்கிடக்கிறது. நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் இருக்கும்வரை பயம் தெரியாது. கோபம் ஆறியதும் திரும்பவும் இரண்டு கிழமையில் எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணத் தொடங்குவேன்.

எங்கள் கதை கீழ்வீட்டுக்கு எப்படியோ கேட்டிருக்கவேண்டும்; இந்த வீட்டுப் பலகைகள் எதைத்தான் மறைத்தன. ஒரு காலை அவள் படியேறி வந்து, தொலைபேசியை மேசையில் வைத்தாள். சார்ஜர் வயரையும் வடிவாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, இது இனி எனக்கு வேண்டாம். என்ர பேரைச் சொல்லிப்போடுங்கோ. உங்கட வேலை போகக்கூடாது."

வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளே சொல்லிவிட்டாள், என் கையில் பழியில்லை என்று ஒரு கணம் மூச்சு லேசாக வந்தது. நான் மறுத்துக்கூடச் சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று இறங்கிப்போனாள்.

தொலைபேசியைக் குளிர்பெட்டிக்கு மேலே வைத்தேன். அடுத்தநாள் காலை எட்டேகாலுக்கு அது அடித்தது. அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கையில் அடித்தது. ஒரு சப்பாத்தோடு ஓடிப்போய் எடுத்தேன்.

"மகள்?" என்றது ஒரு வயதான குரல். "மூண்டு நாளாய்க் காணேல்லை. என்ன சுகமில்லையோ?"

"அவ சுகமாய் இருக்கிறா அம்மா. கீழ இருக்கிறா."

"நீங்கள் ஆர் பிள்ளை கதைக்கிறது?"

எனக்குப் பெயர் வாயில் வரவில்லை. மகனைத் தேடித் தெருவில் இருக்கிற ஒரு தாய் நீ யார் என்று கேட்கிறார். என் மண்டைக்குள் செக்கன்கள் ஓடுகின்றன. எங்கேயோ ஒரு தாளில் புது வரி ஒன்று விழுகிறது. "தெரிஞ்ச ஆள் அம்மா, பேந்து எடுக்கச் சொல்லுறன்," என்று வைத்துவிட்டேன். பிறகு அடுப்படிக் கதிரையில் இருந்து அழுதேன். பாஸ் போனாலும் நான் நான்தான். பெயரைச் சொல்லப் பயந்த அந்த ஒருத்தியாக மிச்சக் காலத்தை ஓட்ட எனக்கு விருப்பமில்லை.

அன்று வேலைக்குப் போகவில்லை. விளக்கத்தை எழுதினேன்: இந்த இலக்கம் என் பெயரில் உள்ளது. இந்த விபரங்களைக் கொம்பனி எந்த உரிமையில் கொடுத்தது என்று எனக்குச் சொல்லும்வரை, இதில் கதைத்தவர்கள் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். மடித்து வைத்திருந்த படிவத்தையும் நிரப்பினேன். மூன்றாவது கோட்டில் அந்த ஐந்தாவது இலக்கத்தையே எழுதினேன். இரண்டையும் வழக்கறிஞரிடம் கொடுத்தபோது, "பாஸ் கிடைக்காமலும் போகலாம், அன்ரி," என்றார். தெரியும் என்றேன். இன்றுவரை பதில் வரவில்லை, முள்ளுக்கரண்டி சுற்றுகிறேன். அந்தச் சட்டமூலம் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை.

அவற்றைக் கொடுத்த மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியைக் கொண்டு கீழே போனேன். "எடுத்துக் கதை," என்றேன். அவள் அதை வாங்கவே தயங்கினாள்.

"எவ்வளவு நேரம் கதைக்கலாம் அக்கா?"

"முந்தி எவ்வளவு நேரம் கதைச்சனீயோ, அவ்வளவு நேரம்."

அவள் எடுத்தாள். நான் வாசலிலேயே நின்றேன். இங்கே பனி கொட்டுகிறது என்றாள். சப்பாத்து வாங்கியதைச் சொன்னாள். சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள். கொட்டிலைப் பற்றிக் கேட்கவில்லை. தமையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபக்கத்தில் தாய் ஏதோ சொல்லத் தொடங்க, "அதெல்லாம் பேந்து கதைப்பம் அம்மா," என்று அவசரமாக மறித்தாள். முந்தி நெடுநேரம் கதைப்பவள், நாலு நிமிடத்தில் வைத்துவிட்டுத் தொலைபேசியை என்னிடமே திருப்பி நீட்டினாள்.