கொழுந்துச் சரிவில் ஒரு சண்டைக் காட்சி

ஸ்டண்ட் வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு, கீழ் கோத்தகிரியில் புடவை கட்டிக்கொண்டு ஓடியது. கதாநாயகிக்கு டூப். அப்போதெல்லாம் பெண்களுக்கு டூப் போட்டதும் விக் வைத்த ஆண்கள்தான்.

சட்டம் கைவிட்ட பிறகு தானே தண்டிக்கக் கிளம்பும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிப் பெண்ணின் கதை. நடித்தவர் மும்பைக்காரர். தினமும் அவர் முகத்தைக் கறுப்பாக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். நிஜமாகவே கொழுந்து பறிக்கிற பெண்களைத் தூரத்தில் கூட்டமாக நிறுத்தியிருந்தோம். தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரி வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடியது. ஆள் கிடைப்பதற்குக் கஷ்டமில்லை.

நாலு அடியாட்கள் துரத்த, நான் சரிவில் ஓடிக் கீழே நின்று திரும்ப வேண்டும். முதல் டேக்கில் வழுக்கினேன். இரண்டாவதில் செடிக்குள் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

ஸ்டண்ட் மாஸ்டருக்குக் கோபம். "இன்னா சிரிப்பு? யாராவது ஓடிக் காட்டுங்க பாப்போம்!"

செல்லம்மா என்ற அம்மா முன்னால் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், சிறு பெண்ணாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். செருப்பைக் கழற்றினார்.

"தம்பி காலப் பாத்து ஓடுது. செடியப் பாக்கணும். கால் தானா போகும்."

சொல்லிவிட்டு இறங்கினார். செடிகளுக்கு நடுவே தண்ணீர் இறங்குவது போலத்தான் இருந்தது. மாடி மாடியாகக் குதித்துப் பழகிய எங்கள் மாஸ்டர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"டேக் போலாம். மூஞ்சி மட்டும் தெரியாம ஓடும்மா," என்றார்.

"ஏன் சேர், என் மூஞ்சிக்கு என்ன?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டைரக்டர் விளக்கினார்: "ஹீரோயின் ஓடுறாங்கன்னு ஜனங்க நம்பணும்மா."

"அந்தப் புள்ளயக் கொழுந்துக்காரின்னு நம்புவாங்க. என்னைய நம்ப மாட்டாங்களா?"

டைரக்டர் கேமராமேன் பக்கம் திரும்பினார். பிறகு, "ஒரு டேக் அவங்க இஷ்டத்துக்குப் போகட்டும்," என்றார்.

செல்லம்மா ஓடினார். கீழே நின்று திரும்பினார். அந்த இடத்தில் கத்த வேண்டும் என்று சொல்லியிருந்தோம். கத்தவில்லை. மூச்சு வாங்க, நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். முதலில் பாய வேண்டிய எங்கள் ஆள் பாயவே இல்லை. "கால் நகரலண்ணே," என்றான் பிறகு. டைரக்டர் கட் சொல்ல மறந்திருந்தார்.

அன்று சாயங்காலமே காட்சியை மாற்றி எழுதினார்கள். அடியாட்களை மறித்து நிற்பவர் கதாநாயகியின் பெரியம்மா, அது செல்லம்மாவேதான்.

குன்னூர் தியேட்டரில் அவருடைய லயன் குடியிருப்புப் பெண்களோடு உட்கார்ந்து படம் பார்த்தேன். திரையில் அவர் திரும்பிப் பார்த்தபோது ஒரு விசில்கூட வரவில்லை. ஒரு பெண் மட்டும் எழுந்து, "நம்ம ஆளு!" என்றாள். வரிசை முழுக்க எழுந்து நின்றது. செல்லம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது நானும் மாஸ்டர். சண்டை அமைப்பதற்கு முன்னால் அந்த மண்ணில் உழைக்கிறவர் யார், அவரையே கேமரா முன்னால் நிறுத்த முடியுமா என்று கேட்கிறேன். பெரும்பாலும் முடியாது என்பார்கள். கேட்பதை விட்டதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற நீங்களும் கேளுங்கள்.