அக்காவின் தகரம்

எதிர்வீட்டு மாடியில் வடகம் காயப்போட்டவர் காக்கை விரட்டத் தகரத்தைத் தட்டுகிறார். வேலூரில் ஜன்னலோரம் நிற்கும் என் வாய் தானாக ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்கிறது.

ஜவ்வாது மலையில் எங்கள் பள்ளிக்கூடம் ஒரு கூரைக்கொட்டகை. அதை ஒட்டியே எங்கள் சாமைக்காடு. கதிர் முற்றும் நாட்களில் நான் கொட்டகைக்குள் இருப்பேன். அக்கா பரண்மேல் நின்று குருவி ஓட்டுவாள். நாங்கள் வாய்ப்பாடு சொல்லும்போது ஒவ்வொரு வரிக்கும் அவள் தகரத்தில் ஒரு தட்டு விழும்.

"பெரிய பொண்ணையும் அனுப்புங்களேன்" என்றார் வாத்தியார்.

"அவளும் வந்துட்டா குருவிய யாரு சார் ஓட்றது?" என்றார் அப்பா.

சாயங்காலம் அக்கா என்னை மடக்குவாள். "ஏழெட்டுக்கு அப்பறம் இன்னாடி சொன்னீங்க? காத்துல கேக்கல."

வாத்தியார் கதை சொல்லும் நேரத்தில் மட்டும் தகரம் நின்றுபோகும். அவர் குரல் மெல்லியது. அக்காவுக்குக் கேட்க வேண்டுமே. அப்படி நின்ற ஒருநாள் அப்பா வந்து பார்த்தார். காடு முழுக்கக் குருவி.

"நாளைலேந்து நீ மேல்காட்டுக்குப் போ. இங்க நான் பாத்துக்கறேன்."

மேல்காடு ஓடைக்கு அந்தப்பக்கம்; கொட்டகைச் சத்தம் அங்கே எட்டாது. மறுநாள் அப்பாவின் தகரம் விடாமல் அடித்தது. எங்கள் வாய்ப்பாட்டோடு சேரவே இல்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"எதுக்கும்மா இவ்ளோ சத்தம்?" என்று வாத்தியார் சிரித்தார்.

எதிர்வீட்டுத் தகரம் நின்றுவிட்டது. "ஏழொன்பது அறுபத்துமூணு" என்று இப்போதும் உரக்கவே சொல்கிறேன்.