கோபம் போகும்வரை உட்கார்ந்திருந்தவர்

பணிமனையில் அவருக்குச் சரவெடி என்று பெயர். பேருந்து ஓட்டுவதில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. வாயைத் திறந்தால்தான் வில்லங்கம். குறுக்கே புகும் சைக்கிள்காரர், படியில் தொங்குகிறவர், சிக்னலில் தூங்கி வழியும் கார்க்காரர் என்று ஒருவரையும் விட்டுவைக்க மாட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேகம் அடங்காது. செருப்பு கோணலாகக் கிடந்தால் அதற்கும் ஒரு கத்தல்.

ஒரு மாலை மகள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே அலமாரியில் இருந்த டப்பாவை எடுக்க அவர் கையை உயர்த்தினார். அவள் சட்டென்று தலையைக் குனிந்து, முகத்தைக் கைகளால் மறைத்துக்கொண்டாள்.

அவருக்கு விஷயம் உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் ஆடிப்போய்விட்டார்.

"நான் என்னிக்காவது இவ மேல கை வெச்சிருக்கேனா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வெச்சதில்ல. ஆனா நீங்க கத்துறதே அடி விழுற மாதிரிதாங்க இருக்கு," என்றாள் அவள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

அந்த வார்த்தை அவரைக் குடைந்தெடுத்தது. மருந்துக்கடை மாடியில் ஒரு செவிலியர் தியான வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் போய் உட்கார்ந்தார்.

"மூச்சு வர்றதையும் போறதையும் கவனிங்க. மனசு எங்கயாவது ஓடிப்போனா, திட்டாம திரும்பக் கூட்டிட்டு வாங்க," என்றார் செவிலியர்.

"திட்டாம எப்படிங்க கூட்டிட்டு வர்றது?"

வகுப்பே சிரித்தது. அவர் நிஜமாகவேதான் கேட்டார்.

வீட்டில் தனியாக உட்கார இடமில்லை. அதனால் காலையில் முதல் நடைக்கு முன்னால், காலியாக நிற்கும் பேருந்திலேயே கண்ணை மூடிக்கொள்வார். ஓட்டுநர் இருக்கையில் சரிப்படவில்லை. மனம் அதுபாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும், கால் தானாக பிரேக்கைத் தேடும். கடைசி வரிசைக்குப் போனார். அங்கே நடத்துநர் வந்து தோளைத் தொட்டு உலுக்கினார்.

"என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?"

"யோவ், தியானம் பண்றேன்யா!" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வண்டிக்காரரே எட்டிப் பார்த்தார்.

அடுத்த வகுப்பில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எனக்கு இது சரிப்பட்டு வராதும்மா. உக்காந்தாலே உள்ளுக்குள்ள ஒரே இரைச்சல்."

"அது புதுசா வந்த இரைச்சல் இல்லைங்க. இப்பத்தான் உங்க காதுல விழுது. சும்மா கேட்டுட்டே உக்காருங்க."

உட்கார்ந்தார். பல காலைகள் வீணானது போலத்தான் இருந்தன. ஆனால் ஒன்று மட்டும் பிடிபட ஆரம்பித்தது. கத்துவதற்கு முன்னால் தாடை இறுகுகிறது, பிடரி சுடுகிறது. இத்தனை வருடம் அது அவருக்குத் தெரியாது.

ஒருநாள், தேய்த்து வைத்திருந்த சீருடைச் சட்டையில் மகள் தேநீரைக் கொட்டிவிட்டாள். "ஏய்!" என்று பாதி வந்துவிட்டது. பிடரி சுட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மகள் சுவரோரமாக நின்றாள். "அப்பா, கத்திடுங்கப்பா. இப்படிச் சும்மா இருந்தா இன்னும் பயமா இருக்கு."

"பயப்படாதம்மா. கோவம் வந்திருக்கு. அது போற வரைக்கும் உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

அவள் அவரையே பார்த்தாள். "போயிடுச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

அவள் சட்டையை எடுத்துப்போய்த் தண்ணீரில் நனைத்தாள். குழாயடியிலிருந்து மறுபடி குரல் வந்தது. "இப்போ?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி கூடத்திலிருந்து ஓடி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

அவர் ஒன்றும் சாந்த சொரூபியாகிவிடவில்லை. சாலையில் இன்றைக்கும் சத்தம் கேட்கும், பணிமனையில் பெயரும் மாறவில்லை. ஆனால் வீட்டில் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், "எவ்வளவுப்பா இருக்கு?" என்று மகள் அவருக்கு நேர் எதிரே வந்து நின்று கேட்கிறாள். அவரும் யோசித்துப் பார்த்து, உள்ளதைச் சொல்கிறார்.