குணசேகரன் அண்ணன் கொடுத்த ஓசி ஹெல்மெட்

ஆலங்குடியில் குணசேகரனைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அந்தப் பெயரைக் கேட்டாலே குமட்டுகிறது.

சிங்கப்பூரில் வெல்டராக இருந்து ஊர் திரும்பியவர். பழைய பைக், ஸ்கூட்டர் வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். வண்டி எடுக்க வருபவர்களுக்கு டீ வாங்கித் தருவார், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் அவரே வைப்பார், கிளம்பும்போது ஓசியில் ஒரு ஹெல்மெட்டும் கொடுப்பார். "வண்டி யாரு வேணா குடுப்பாங்க. ஒங்க உசுரு மேல அக்கறை யாரு காட்டுவா?" என்பார். ஜனம் உருகிப்போகும்.

ஞாயிறு மதியங்களில் அவர் கடையின் பின்னறையில் நாங்கள் ஓர் ஆட்டம் ஆடுவோம். சென்னையில் வேலை பார்த்தபோது நான் கற்றுக்கொண்டது. ஆளுக்கொரு வேடம். குணசேகரன் வாள்வீரன், மெடிக்கல் ஷாப் பீட்டர் திருடன், என் தங்கை சுடர்விழி வைத்தியச்சி. குகை, அரக்கன், கோட்டை எல்லாம் நான் சொல்லச் சொல்ல, தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பது பகடை விழுவதைப் பொறுத்தது.

அந்த ஆட்டத்தில் எனக்கு அறவே பிடிக்காத ஒன்று உண்டு. சண்டை முடிந்த கையோடு, செத்த எதிரியின் பிணத்தை உரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். செருப்பு, இடுப்பு வார், சட்டை, ஒன்று விடாமல். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்கு ஊற்றாமல் வாசல்படி ஏறாதவர்கள், செத்தவன் சட்டையைச் சூடு ஆறுவதற்குள் மாட்டிக்கொள்வார்கள். கேட்டால், விளையாட்டுதானே என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டத்தில் கோட்டைக் காவல் தலைவன் ஒருவனை மண்டையிலேயே வெட்டிச் சாய்த்த குணசேகரன், "அவன் தலைக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கிறேன்" என்றார்.

"எப்படிண்ணே எடுப்பீங்க?"

"எப்படின்னா? கழட்டுறதுதான்."

"தாடைக்குக் கீழ வாரு இருக்கு. ரத்தத்துல ஊறிப்போச்சு, விரலை விட்டுத்தான் அவுக்கணும். உள்ள அவன் முடி ஒட்டியிருக்கு, பேனும் இருக்கு."

"அண்ணே, இப்பத்தான் சாப்பிட்டு வந்திருக்கோம்" என்று சுடர்விழி முகத்தைச் சுளித்தாள்.

நான் விடவில்லை. "அதோட நீங்க வெட்டுனதே மண்டையிலதான். கவசம் பொளந்துதான் அவன் செத்தான். பொளந்ததைப் போட்டு ஒங்க தலையை எப்படிக் காப்பாத்துவீங்க?"

குணசேகரன் சிரித்தார். "இதுக்கா தம்பி இம்புட்டுப் பேச்சு? சோப்புத் தண்ணியில ஊற வச்சா ரத்தம் போயிரும். வெடிப்புல பட்டி வச்சுத் தேய்ச்சு, மேல பெயின்ட் அடிச்சு, ஸ்டிக்கர் ஒண்ணை ஒட்டுனா பெத்த ஆத்தாளுக்கே அடையாளம் தெரியாது."

பீட்டரும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாளும் கேடயமுமாகத் திரிகிற அந்த உலகத்தில் ஸ்டிக்கர் ஏது, பெயின்ட் ஏது? இந்த ஆள் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

சுடர்விழி கறம்பக்குடியில் பள்ளிக்கூட டீச்சர். தினமும் இவரிடம் வாங்கிய ஸ்கூட்டரில்தான் போய்வருகிறாள். கூடவே ஓசியில் வந்தது பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டிய நீல ஹெல்மெட். போட்டால் தலை அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். அவள் ஸ்கூட்டர் கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கியது. பட்டாம்பூச்சியை நகத்தால் உரித்தேன். அடியில் பட்டி தடவிய தழும்பு. உள் ஸ்பாஞ்சைப் பிடித்து இழுத்தேன். வெள்ளைத் தெர்மோகோலில் பிடரியிலிருந்து காது வரைக்கும் ஒரு வெடிப்பு, அதன் ஓரமெல்லாம் காய்ந்த பழுப்புக் கறை. வெடிப்புக்குள் நீள நீளமாக நரைமுடி சிக்கியிருந்தது. முடியோடு ஒரு ஹேர்பின்னும் இருந்தது.

என் தங்கைக்கு ஒரு நரைகூடக் கிடையாது.

ஒரு அடி வாங்கி உடைந்த ஹெல்மெட் இன்னொரு அடியைத் தாங்காது. லாரியும் மினி பஸ்ஸும் உரசிக்கொண்டு போகிற ரோட்டில், இதை நம்பித்தான் அவள் தினமும் போய்வந்திருக்கிறாள்.

உள்ளே போய்ப் பகடைகளுக்கு நடுவில் அதை உள்பக்கம் தெரிய மல்லாத்தி வைத்தேன். "இது எங்கிட்டு இருந்துண்ணே வந்துச்சு?"

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "ஆக்சிடென்ட் வண்டியோட வரும் தம்பி. தூக்கி எறியவா முடியும்? நல்லாத்தான இருக்கு."

சுடர்விழி குனிந்து உள்ளே பார்த்தாள். அவள் கை தானாகத் தன் தலைக்குப் போனது. எழுந்து வெளியே போய்விட்டாள்.

"நல்லா இருந்தா நீங்க போட்டுக்கங்க" என்றேன்.

"வெளையாடாத தம்பி."

"ஒங்க வீரன் போட்டுக்கிறேன்னு சொன்னான்ல? ஒரே ஒரு தடவை போடுங்க, பாப்போம்."

பீட்டரும் அவரையே பார்த்தான். குணசேகரன் ஹெல்மெட்டை எடுத்து நெற்றி வரைக்கும் கொண்டுபோனார். அப்புறம் மூக்கைச் சுருக்கிக்கொண்டு மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கைலியில் அழுத்தித் துடைத்தார்.

"ச்சீ! செத்த பொம்பளை போட்டதைப் போய்…" என்றார்.

தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். பகடைகளை அள்ளாமல் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் வண்டி கழுவுகிற டியூபைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, போட்டிருந்த சுடிதாரோடு சுடர்விழி நனைந்துகொண்டிருந்தாள். கிளம்பலாம் என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அவள் டியூபைக் கீழே போட்டாள்.

"அண்ணே, அப்ப இந்த வண்டியும் அப்படி வந்ததுதானா?"

சாவியை சீட்டின் மேல் வைத்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட வீடு வரைக்கும் நடந்தே போனோம்.